பூமியின் மையத்தில் நம் எடை எவ்வளவு?

பூமியின் மையத்தை நெருங்க நெருங்க ஈர்ப்பு விசை கூடுமா, குறையுமா? படிவம் 4-இல் நியூட்டனின் ஈர்ப்பு விதியைப் படிக்கும் மாணவர்களில் பலர் ‘கூடும்’ என்பார்கள். தூரம் குறைந்தால் விசை கூடும் என்பதுதானே விதி? ஆனால், மையத்தில் நம் எடை சுழியம்!

எப்படி? பூமியை எங்கும் ஒரே அடர்த்தி கொண்ட உருண்டை என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆரம் 6,371 கிலோமீட்டர்.

முதலில் வெளியே செல்வோம். உருண்டையின் பொருண்மை முழுவதும் மையத்தில் குவிந்திருப்பது போலவே நம்மை இழுக்கும். தரையில் ஈர்ப்பு முடுக்கம் 9.8 மீ/வி². மையத்திலிருந்து தூரம் இரு மடங்கானால் அது நான்கில் ஒரு பங்காக, அதாவது 2.45 ஆகக் குறையும். 400 கிலோமீட்டர் உயரத்தில், அனைத்துலக விண்வெளி நிலையம் சுற்றும் இடத்தில், இன்னும் 8.7 இருக்கிறது. அங்கே வீரர்கள் மிதப்பது ஈர்ப்பு இல்லாததால் அன்று. நிலையத்தோடு சேர்ந்து விழுந்துகொண்டே சுற்றுவதால்தான்.

இனி உள்ளே இறங்குவோம். பூமியை வெங்காயம் போல அடுக்கடுக்கான தோல்களாக எண்ணுங்கள். நமக்கு வெளியே உள்ள ஒவ்வொரு தோலிலும், அருகில் உள்ள சிறு பகுதி வலுவாக இழுக்கும். எதிர்ப்புறம் தொலைவில் உள்ள பெரிய பகுதி மெதுவாக இழுக்கும். பரப்பு தூரத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. விசை அதே வர்க்கத்தில் குறைகிறது. இரண்டும் சரிக்குச் சரியாக நீங்கிவிடும். நியூட்டன் இதை 1687-இல் வெளியிட்ட தம் நூலில் நிறுவினார்.

ஆகவே, நமக்குக் கீழே உள்ள உருண்டை மட்டுமே நம்மை இழுக்கும். பாதி ஆரத்தில் அதன் பொருண்மை எட்டில் ஒரு பங்கு. தூரம் பாதியானதால் விசை நான்கு மடங்கு. பெருக்கினால் பாதி: 4.9 மீ/வி². மையத்தில் சுழியம்.

உண்மைப் பூமி அப்படியே நடக்கிறதா? 1854-இல் ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி, வட இங்கிலாந்தின் ஹார்ட்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் ஊசல்களைக் கொண்டு சோதித்தார். ஏறத்தாழ 380 மீட்டர் ஆழத்தில் ஊசல், மேலே உள்ளதைவிட நாளுக்குச் சுமார் இரண்டே கால் விநாடி வேகமாக ஆடியது. ஈர்ப்பு சற்றே கூடியிருந்தது!

நாம் கடந்து வரும் மேலோட்டுப் பாறை இலேசானது. பூமியின் கருவோ மிக அடர்ந்தது. அதனால் உள்ளே செல்லும்போது இழப்பதைவிட, கருவை நெருங்குவதால் பெறுவது அதிகம். சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில், கருவின் விளிம்பில், ஈர்ப்பு ஏறத்தாழ 10.7 மீ/வி² ஆகிறது. அதன் பிறகுதான் மையம் வரை குறைந்துகொண்டே போகிறது.

மாணவர்களே, சூத்திரத்தில் தூரத்தை மட்டும் பார்க்காதீர்கள். எவ்வளவு பொருண்மை நம்மை இழுக்கிறது என்பதையும் கேளுங்கள்.