கேஸ் மாத்திரை போட்டால் சாப்பாடு செரிக்காதா?

அல்சர் என்று டாக்டர் சொன்னதும் கைக்கு வருவது பான்டோபிரசோல் அல்லது ஒமிபிரசோல். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. மெடிக்கல் ஷாப்பில் இதற்குப் பெயர் 'கேஸ் மாத்திரை'. ஆசிட்டையே குறைச்சுட்டா சாப்பாடு எப்படிச் செரிக்கும்? நியாயமான கேள்விதான்.

இரைப்பையில் புரதத்தை உடைக்கும் என்சைம் பெப்சின். இது பெப்சினோஜென் என்ற செயல்படாத வடிவில் சுரந்து, ஆசிட் பட்ட பிறகுதான் பெப்சினாக மாறும். பி.எச். 2-ஐ ஒட்டி இருந்தால் முழு வேகம். 4-ஐத் தாண்டினால் பெரும்பாலும் முடங்கிவிடும். மாத்திரை பெப்சினைத் தொடுவதே இல்லை. ஆசிட்டைச் சுரக்கும் செல்களின் 'பம்ப்'பை அடைக்கிறது, அவ்வளவுதான். ஆசிட் குறைந்தால் பெப்சினும் தானாக அடங்கும்.

அல்சர் நோயாளிக்கு லாபமே இதில்தான் இருக்கிறது. இரைப்பைச் சுவரிலும் இருப்பது புரதம்தானே! பாதுகாப்பான சளிப்படலம் பழுதான இடத்தில் ஆசிட்டும் பெப்சினும் சேர்ந்து புண்ணை ஆழமாக்கும். ரத்தம் கசியும் புண் என்றால் இன்னும் மோசம். கசிவை அடைக்கும் ரத்தக்கட்டியையே பெப்சின் கரைத்துவிடும். அல்சர் வெடித்து ரத்த வாந்தியோடு வருபவருக்கு மருத்துவமனையில் இதே மருந்தை ஊசி வழியாக ஏற்றுவது அதனால்தான்.

சரி, சாப்பிட்ட சிக்கனும் பருப்பும் என்ன ஆகும்? செரிக்கும். இரைப்பை பார்ப்பது தொடக்க வேலைதான். மிச்சத்தைச் சிறுகுடலில் கணையத்தின் டிரிப்சின் போன்ற என்சைம்கள் முடித்துவிடும். அவற்றுக்கு ஆசிட் ஆகவே ஆகாது.

அடி விழுவது வைட்டமின் பி12-க்கு. முட்டை, மீன், பாலில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் அதைப் பிரித்தெடுக்க ஆசிட்டும் பெப்சினும் வேண்டும். கல்லீரலில் இருப்பு இருப்பதால் சில வாரங்களில் எதுவும் தெரியாது. ஆனால் பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கிப் போடுபவர்களுக்குச் சிக்கல் வரலாம். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்கணும். கால் மரத்துப்போவது, காரணமில்லாத சோர்வு இருந்தால் பி12 டெஸ்ட் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

பெரும்பாலான அல்சருக்கு 4 முதல் 8 வாரம் மாத்திரை போதும். காரணம் எச். பைலோரி கிருமி என்றால் ஆன்டிபயாடிக்கும் சேர வேண்டும். பல மாதம் போட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் ஆசிட் முன்பைவிட அதிகமாகச் சுரந்து நெஞ்செரிச்சல் திரும்பும். 'மாத்திரை இல்லாம முடியல' என்று பலர் நினைப்பது இந்தக் கட்டத்தில்தான். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்கு இதை டாக்டரே நீண்ட காலத்துக்கு எழுதியிருக்கலாம். அவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது.