உறக்கத்தில் நடக்கும் திருப்பணி

தூங்கும் பச்சைக் குழந்தையின் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். மூடிய இமைக்குள் கருவிழி அங்குமிங்கும் உருளும். உதட்டோரம் சிரிப்பொன்று பூக்கும். அடுத்த நொடியே முகம் கோணி, அழப்போவதுபோல் விம்மித் தெளியும். ‘நரி விரட்டுது’ என்பார்கள் பாட்டிமார்கள். தொட்டில் ஆட்டியவர்கள் காலங்காலமாகக் கண்ட இந்த விழியசைவுத் தூக்கம், ஆராய்ச்சி உலகத்துக்கு 1953-இல்தான் தெரியவந்தது. சிகாகோ பல்கலைக்கழக மாணவர் அசெரின்ஸ்கி, தம் எட்டு வயது மகனின் கண்ணருகே மின்முனைகளை ஒட்டி இரவெல்லாம் கவனித்தார். பிறகு தம் பேராசிரியர் கிளைட்மனோடு சேர்ந்து அதை வெளியிட்டார். விழி உருளும் அந்த நேரத்தில் உடல் துவண்டு கிடந்தாலும் மூளை, விழித்திருப்பதைப் போலவே பரபரக்கிறது. பெரியவர்களின் தூக்கத்தில் ஏறத்தாழக் கால் பங்கு இப்படிக் கழிகிறது. பிறந்த குழந்தைக்கோ பாதி! நாளுக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும் அந்தச் சின்ன உயிருக்குள், மூளை தன்னைத் தானே கட்டிக்கொள்கிறது.

பள்ளிப் பிள்ளைக்கு 9 முதல் 11 மணி நேரம் வேண்டும். முன்னிரவின் ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சிக்கான ஹார்மோன் பெருக்கெடுக்கிறது. பதின்பருவத்தில் தூக்கத்தை அழைக்கும் மெலடோனின் சுரக்கும் நேரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. பிள்ளை பதினொரு மணிவரை புரள்வது அடமல்ல, உடலின் ஏற்பாடு. அவனை விடியற்காலை நாலு மணிக்குத் தட்டி எழுப்பிப் படிக்க வைப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. படித்தது மனதில் படிவதே தூக்கத்தில்தானே!

நடுவயதில் 7 மணி நேரமாவது வேண்டும். 2013-இல் மூளை ஆய்வாளர் மைக்கேன் நெடர்கார்டின் குழு, உறங்கும் எலிகளின் மூளையில் உயிரணுக்களுக்கிடையே உள்ள இடம் 60 விழுக்காடு விரிவதைக் கண்டது. அதன் வழியே திரவம் பாய்ந்து, மறதி நோயோடு தொடர்புடைய புரதக் கழிவை அலசிச் செல்கிறது. எவ்வளவு கருணையோடு இந்த உயிர் படைக்கப்பட்டிருக்கிறது!

முதுமையில் ஆழ்ந்த தூக்கம் குறையும்; மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். ஆனால் தேவை குறைவதில்லை, 7 மணி நேரம் அப்போதும் வேண்டும். கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கூடி, உறக்கத்தையும் விழிப்பையும் வகுக்கும் உடலின் கடிகாரத்தை ஓட்டுகின்றன. பகல் வெளிச்சம்தான் அதற்குச் சாவி. காலையில் தாத்தாவைக் கொஞ்ச நேரம் வாசலில் உட்கார வையுங்கள். அன்றிரவு கண் அசர அதுவும் துணை செய்யும்.