நாய்த் தீவனப் பையை வாசித்து வாங்குவோம்



போன கார்த்திகையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பை எண்ணி முடித்து, உள்கடன் கேட்பவர்கள் எழுந்து சொல்லும் நேரம். ஒரு அக்கா எழுந்து, "எனக்கு எட்டாயிரம் வேணும். நாய்க்குத் தீவனம் வாங்கணும்" என்றார். ஒரே சிரிப்பு. "ஏன் மதினி, பிள்ளைக்குப் புத்தகம் வாங்கவே கடன் பத்தல, இதுல நாய்க்குமா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். அந்த அக்கா கோபப்படவில்லை. போன ஈத்தில் நடந்ததைச் சொன்னார்.

அவர் வளர்ப்பது ராஜபாளையம் பொட்டை நாய். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. ஏழு குட்டி போட்டது. குட்டிகளை வளர்த்து விற்று, மகளின் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்டலாம் என்பது கணக்கு. குட்டிகள் பால் மறக்கும் நேரத்தில் ஒரு கடையில் தீவனத்தைச் சில்லறையாக, கிலோக் கணக்கில் வாங்கிப் போட்டிருக்கிறார். பத்து நாளில் கழிச்சல். மூன்று குட்டி செத்துப் போனது. அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன தீவனம்? பை இருக்கா?" என்பதுதான். அக்காவிடம் இருந்தது ஒரு பாலிதீன் கவர். அதில் பேர் இல்லை, தேதி இல்லை, ஒன்றும் இல்லை.

தீவனத்தால்தான் செத்தது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். பார்வோ என்ற வைரஸ் கழிச்சலும் குட்டிகளைக் கூண்டோடு கொண்டுபோகும். ஆனால் எதனால் என்று கண்டுபிடிக்கவே வழியில்லாமல் போனதே, அதுதான் அந்த அக்காவுக்கு ஆறவில்லை. இந்த முறை மூடிய பையாக வாங்க வேண்டும், அதற்குத்தான் கடன் என்றார். குழு தீர்மானம் போட்டுக் கொடுத்துவிட்டது.

கூட்டம் முடிந்ததும் இரண்டு மூன்று பேர் எங்களைச் சுற்றிக்கொண்டார்கள். "பைய வாங்கினா மட்டும் போதுமா? எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. எது நல்லதுன்னு எப்படித் தெரியும்?" அன்றைக்கு எங்களுக்கும் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

நம் ஊர் நாய் ஒன்றும் லேசுப்பட்டது இல்லை. 2005ஆம் ஆண்டு அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நம் பக்கத்துப் பேர்களும் வந்தன. வாங்க ஆள் இருக்கிறது. அதனால்தான் குட்டி வளர்ப்பில் பெண்கள் கையில் நாலு காசு வருகிறது.

முன்னே எல்லாம் கம்பங்கூழ், கேப்பைக் களி, பால்சோறு, எப்போதாவது கறி. அதிலேயே நாய்கள் வளர்ந்தன, உண்மைதான். ஆனால் எத்தனை குட்டி பிழைத்தது, எத்தனை கால் வளைந்து போனது என்று அன்றைக்கு யாரும் பதிவேடு எழுதவில்லை. வெறும் பால்சோற்றில் புரதம் பத்தாது. "கறியாப் போட்டா நல்லா வளரும்" என்று எலும்பில்லாத கறியாகவே போட்டால் அதில் கால்சியம் மிகக் குறைவு, குட்டிக்கு எலும்பு பலம் பிடிக்காது. பை தீவனத்தின் பயன் இதுதான்: புரதம், கொழுப்பு, கால்சியம், வைட்டமின் எல்லாம் கணக்குப்படி ஒன்றாகச் சேர்ந்திருக்கும். ஆனால் எல்லாப் பையும் அப்படி இல்லை.

பையில் முதலில் தேட வேண்டியது விலை இல்லை, படமும் இல்லை. 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' அல்லது 'கம்ப்ளீட் ஃபுட்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இதுவே முழு உணவு, வேறு எதுவும் சேர்க்காமல் கொடுக்கலாம் என்று அர்த்தம். 'காம்ப்ளிமென்டரி', 'ட்ரீட்', 'ஸ்நாக்' என்று இருந்தால் அது நொறுக்குத் தீனி. நாம் முறுக்கு சாப்பிட்டு வாழ முடியாது இல்லையா, அது போல.

அதே இடத்தில் யாருக்கான தீவனம் என்றும் இருக்கும். 'பப்பி' என்றால் குட்டி, 'அடல்ட்' என்றால் வளர்ந்த நாய். அடல்ட் தீவனத்தைக் குட்டிக்குப் போட்டால் வளர்ச்சிக்குப் பத்தாது. பால் கொடுக்கும் தாய்க்கும் பப்பி தீவனமே கொடுக்கச் சொல்கிறார்கள். நிறையக் குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சக்தி வேண்டியிருக்கும். அடல்ட் தீவனத்தில் அவ்வளவையும் வயிறு தாங்காது.

அடுத்து பின்பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். க்ரூட் புரோட்டீன், க்ரூட் ஃபேட், க்ரூட் ஃபைபர், மாய்ஸ்சர் என்று நான்கு வரி. புரதம், கொழுப்பு, நார், ஈரம். அமெரிக்காவில் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் சங்கம் ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது, பல நாடுகளில் அதைத்தான் பார்க்கிறார்கள். ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் குட்டிக்குப் புரதம் 22.5 சதவீதம், கொழுப்பு 8.5 சதவீதம் இருக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு 18, 5.5 போதும்.

"ஈரத்தைக் கழித்து" என்றால் என்ன என்று கேட்பீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாலைச் சுண்டக் காய்ச்சினால் பால்கோவா. பாலுக்குள் இருந்த சத்துதான் கோவாவிலும் இருக்கிறது, தண்ணீர்தான் போய்விட்டது. உலர் தீவனத்தில் ஈரம் 10 சதவீதம்போல இருக்கும். கிரேவி போட்ட சின்னப் பாக்கெட்டில் ஈரம் 80 சதவீதம்கூட இருக்கும். பாக்கெட்டில் புரதம் 8 என்று பார்த்து "அடேயப்பா, கம்மி" என்று நினைக்க வேண்டாம். 100 கிராமில் தண்ணீர் 80 போனால் மீதி 20 கிராம். அதில் 8 கிராம் புரதம் என்றால் 40 சதவீதம். நல்ல சத்துதான்.

ஆனால் காசுக் கணக்கைப் பாருங்கள். 100 கிராம் பாக்கெட் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே தண்ணீர் போக 20 கிராம்தான். ஒரு கிலோ சத்துக்கு 2,000 ரூபாய் ஆகிறது. உலர் தீவனம் கிலோ 200 ரூபாய் என்றால், ஈரம் போக 900 கிராம்; ஒரு கிலோ சத்துக்கு சுமார் 222 ரூபாய். நம்மைப் போன்றவர்களுக்கு எது கட்டுப்படியாகும் என்று நீங்களே சொல்லுங்கள்.

புரதம் எத்தனை என்ற எண்ணை மட்டும் நம்பியும் வாங்க முடியாது. சோதனைக்கூடத்தில் புரதத்தை நேராக எண்ணுவதில்லை. அதில் உள்ள நைட்ரஜனை அளந்து கணக்குப் போடுகிறார்கள். 'க்ரூட்' என்ற வார்த்தை அதனால்தான். இந்த ஓட்டையைப் பயன்படுத்தி, சீனாவிலிருந்து போன கோதுமைப் புரதத்தில் மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்துவிட்டார்கள். 2007இல் அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. அடுத்த ஆண்டே, 2008இல், சீனாவில் அதே மெலமைன் குழந்தைகளின் பால்பவுடரில் இருந்தது தெரிய வந்தது. சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். நாய்த் தீவனம்தானே என்று அலட்சியமாக விட்டுவிட முடியாது என்று நாங்கள் நினைப்பது இதனால்தான்.

ஆகவே 'இன்கிரீடியன்ட்ஸ்' என்ற பொருள் பட்டியலையும் வாசிக்கச் சொல்லுங்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். கோழி, மீன், முட்டை, அல்லது 'சிக்கன் மீல்' போன்றவை முதல் இரண்டு மூன்று பேருக்குள் வந்தால் நல்லது. மீல் என்றால் உலர்த்தி அரைத்த தூள், அதைக் குறைவாக நினைக்க வேண்டாம். மக்காச்சோளம், அரிசி, கோதுமை இருப்பதும் தப்பில்லை, நாய்க்கு வெந்த தானியம் செரிக்கும். எதன் கறி என்றே சொல்லாமல் 'மீட்' என்று மட்டும் எழுதியிருந்தால் எங்களுக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

சில்லறைத் தீவனம் வேண்டாம் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்? மூட்டையைப் பிரித்து வைத்தால் காற்றும் ஈரமும் ஏறும். கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும். அதைவிட மோசம் பூசணம். பூசணம் பிடித்த நிலக்கடலை வாயில் போட்டால் கசக்கும், துப்பிவிடுவோம். அந்தப் பூசணத்தில் அஃப்ளடாக்சின் என்ற விஷம் உண்டாகிறது. மக்காச்சோளத்திலும் வரும். ஈரலைக் கெடுக்கும். சமைத்தாலும் வெயிலில் காயவைத்தாலும் போகாது. 2020 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவில் ஒரு கம்பெனியின் தீவனத்தில் இது கூடுதலாக இருந்து, அடுத்த சில வாரங்களுக்குள் 70க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாக அந்நாட்டு அரசுக்குத் தகவல் வந்தது. பையில் தொகுதி எண்ணும் தேதியும் இருந்ததால்தான் எந்தச் சரக்கு என்று கண்டுபிடித்துத் திரும்ப வாங்க முடிந்தது. பாலிதீன் கவரில் வாங்கினால் நமக்கு அந்த வழியே இல்லை.

தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், எடை, அதிகபட்ச விலை, இவை இல்லாத பையைத் தொட வேண்டாம். பெரிய பை மலிவாகத் தெரியும். ஆனால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்குள் தீர்ந்துபோகும் அளவே வாங்குங்கள். அடை மழை மாதத்தில் இன்னும் சின்னப் பை. பையோடு அப்படியே மூடி போட்ட டின்னுக்குள் இறக்கி வையுங்கள், பையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

இரண்டு பழக்கங்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, மாட்டுத் தீவனம், கோழித் தீவனத்தை நாய்க்குப் போடுவது. சில மாட்டுத் தீவனத்தில் யூரியா சேர்ப்பார்கள். மாடு அசை போட்டுச் செரித்துவிடும், நாய்க்கு அந்த வயிறு கிடையாது. கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சலுக்கான மருந்து கலந்திருக்கலாம், அது நாய்க்கு ஆகாது. இன்னொன்று, பப்பி தீவனமும் கொடுத்து, மேலே கால்சியம் டானிக்கும் ஊற்றுவது. "கால் பலமா வரும்னு சொன்னாங்க" என்கிறார்கள். சின்னக் குட்டியின் உடம்புக்கு வேண்டாத கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது. ராஜபாளையம் மாதிரி உயரமாக வளரும் இனத்தில் இதனாலேயே எலும்பு கோணலாகும். முழு உணவுப் பையில் கால்சியம் 1.2 முதல் 1.8 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஒழிய டானிக் வேண்டாம்.

சரி, இதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகுமா? 25 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளுக்கு சுமார் 350 கிராம் உலர் தீவனம் ஆகும். மாதம் பத்தரை கிலோ. கிலோ 200 என்றால் 2,100 ரூபாய். நம்மில் பலர் மாதாமாதம் குழுவில் சேமிப்பதைப் போலப் பல மடங்கு. எல்லா நாய்க்கும் எல்லா மாதமும் பை வாங்குங்கள் என்று சொல்ல எங்களுக்கு மனசில்லை. கையில் இருக்கும் பணத்தைப் பால் கொடுக்கும் தாய்க்கும், பால் மறக்கும் குட்டிக்கும் செலவழியுங்கள். சத்துக் குறைந்தால் ஈடுகட்ட முடியாத காலம் அதுதான். சும்மா இருக்கும் வளர்ந்த நாய்க்கு சோறு, கேப்பை, முட்டை, கோழி ஈரல், வேகவைத்த மீன் என்று வீட்டிலேயே கொடுக்கலாம்; அளவை மட்டும் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டு போட்ட குழம்புச் சோறு மட்டும் வேண்டாம், அது நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். வேகவைத்த கோழி எலும்பும் வேண்டாம், குத்திவிடும்.

புதுத் தீவனத்தை ஒரே நாளில் மாற்றினாலும் கழிச்சல் வரும். பழையதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். குட்டிக்கு வெந்நீரில் ஊறவைத்துக் கொடுத்தால் மீந்ததை உடனே எடுத்துவிடுங்கள். நம் நாய்க்கு நெஞ்சுக்கூடு ஆழம். ஒரே வேளையில் வயிறு முட்டப் போட்டு ஓடவிட்டால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொள்ளும், சில மணி நேரத்தில் உயிர் போகும். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுத்து, கொஞ்ச நேரம் கட்டிப் போடுங்கள்.

விற்பவர்கள் இதையும் தெரிந்து வைத்திருங்கள்: 2017ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி நாய் இனப்பெருக்கம் செய்து விற்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. அந்த எட்டு வாரத் தீவனச் செலவையும் கணக்கில் வைத்துத்தான் விலை பேச வேண்டும். பல பேர் அதை விட்டுவிட்டு, லாபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த அக்காவின் நாய் தை மாதம் ஐந்து குட்டி போட்டது. எட்டு வாரம் முடியும் வரை ஐந்தும் இருந்தன. கடனில் மூன்று தவணை கட்டிவிட்டார். முதல் தீவனப் பையைக் கத்தரித்து, பின்பக்கக் கட்டத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது நீங்களும் வீட்டில் இருக்கும் காலிப் பையைக் கொண்டுவாருங்கள், படிக்கிற பிள்ளையையும் ஒன்றைக் கூட்டி வாருங்கள். உட்கார்ந்து வாசித்துப் பார்ப்போம்.