பொரிப்பது எளிது, காப்பது அரிது

“கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?” என்று கேட்பது எம்மவர் வழக்கம். தாயின் கண்டிப்பினாற் பிள்ளைக்குத் தீங்கு நேராது என்பது அதன் பொருள். ஆனால் இன்று யாழ்ப்பாணத்து வளவுகளில் ஓடித் திரியும் குஞ்சுகள் பலவற்றுக்கு மிதிப்பதற்கும் ஒரு தாய் இல்லை. அவை மின்சாரப் பெட்டிக்குள்ளே பிறந்தவை. இன்குபேற்றர் என்று ஆங்கிலப் பெயராலேயே யாவரும் அழைக்கும் அப்பெட்டி, 21 நாளில் தன் கடமையை முடித்துக்கொள்கிறது. அதன் பின்னர் அக்குஞ்சுகளுக்குத் தாய் யார்? பெட்டி வாங்குவோர் பலர் எண்ணிப் பாராத அவ்வினாவையே இங்கு எழுப்ப விரும்புகிறேன்.

தாயின்றிக் குஞ்சு பொரிக்கும் கலை புதியதன்று. எகிப்து நாட்டினர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக, மண்ணாற் கட்டிய சூளை போன்ற அறைகளில், சாணமும் வைக்கோலும் எரித்த சூட்டிலே ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்து வந்தனர். வெப்பமானியின் துணையின்றி, முட்டையைக் கண்ணிமையில் வைத்தே அத்தொழிலாளர் சூட்டை அறிந்தனர். பிரெஞ்சு அறிஞர் றெயோமூர் இக்கலையை ஆராய்ந்து 1749ஆம் ஆண்டில் நூலொன்று வெளியிட்டார். 1879இல் கலிபோர்ணியாவின் பெற்றலூமா நகரில் லைமன் பைஸ் என்பவர் அமைத்த பொறி, கோழி வளர்ப்பைப் பெருந்தொழிலாக்க வழி திறந்தது. இன்று மேசைமீது வைக்கத்தக்க சிறு பெட்டியாக அது எமது வீடுகளுக்கும் வந்துவிட்டது.

அடைக்கோழி செய்வதைப் பார்த்தே இப்பெட்டி செய்யப்பட்டது. அடை கிடக்கும் கோழி தன் வயிற்றுப்புற இறகுகளை உதிர்த்து, வெறுந்தோலின் சூட்டை முட்டைக்குக் கொடுக்கிறது. அலகினால் அடிக்கடி முட்டையைப் புரட்டுகிறது. காற்றாடி பொருத்திய பெட்டியில் வெப்பம் ஏறத்தாழ 37.5 பாகை செல்சியஸ் இருத்தல் வேண்டும். முதல் 18 நாளும் ஈரப்பதன் நூற்றுக்கு 50 முதல் 55 வரை போதும். கடைசி மூன்று நாளும் 65க்கு மேல் உயர்த்த வேண்டும். கையாற் புரட்டுவோர் நாளுக்கு மூன்று முறையேனும் புரட்டுதல் நன்று. புரட்டாத முட்டையிற் கரு ஓட்டின் உட்புறத்தே ஒட்டி இறந்துபோகலாம். ஏழாம் நாளில் இருட்டறையில் விளக்கொளிக்கு நேரே பிடித்தால், உயிருள்ள முட்டையிற் சிலந்தி வலைபோல் இரத்த நாளங்கள் தெரியும்; தெளிவாய்த் தெரிவது கருவற்ற முட்டை. வைக்கும் முட்டை ஒரு கிழமைக்கு மேற் பழையதாக இருத்தலாகாது. பத்துப் பேட்டுக்கு ஒரு சேவலேனும் நிற்கும் வளவிலிருந்து எடுத்ததாயின் நம்பி வைக்கலாம்.

கோழிக்கு மின்சாரம் வேண்டுவதில்லை, பெட்டிக்கு வேண்டும். 2022ஆம் ஆண்டில் எமது நாட்டில் ஒரு நாளில் 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்தது. அந்நாட்களிற் பெட்டி வைத்திருந்தோரின் மனநிலையைச் சொல்லவேண்டியதில்லை. மின்சாரம் நின்றால் மூடியைத் திறவாது, காற்றுத் துவாரத்தை மட்டும் விட்டுத் தடித்த போர்வையால் மூடுவதே முதல் வேலை. அடைக்கோழியும் இரைதேட நாள்தோறும் சிறிது நேரம் எழுந்து செல்வதுண்டு. ஆதலாற் சில மணி நேரக் குளிரைக் கரு பெரும்பாலும் தாங்கும். ஆனால் சூடு மிகுந்தால் விரைவில் இறக்கும்.

பதினெட்டாம் நாளுடன் புரட்டுவதை நிறுத்திவிடல் வேண்டும். இருபதாம் நாளளவில் ஓட்டில் முதற் கீறல் விழும். அதிலிருந்து குஞ்சு வெளிவர ஒரு நாள் முழுவதும் செல்லலாம். இரக்கங்கொண்டு ஓட்டை உடைத்து உதவுவோர் தீமையே செய்கின்றனர். உள்ளே இரத்த நாளங்கள் வற்றி, மஞ்சட் கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுபட்டு முடியும்வரை அது வெளியே வரலாகாது. அம்மஞ்சட் கருவே பிறந்த இரண்டு நாளுக்கும் அதன் கட்டுச் சோறு.

இனித்தான் என் வினாவுக்கு வருகிறேன். தாய்க்கோழி வெறும் சூடு மட்டுமன்று, காவலும் அதுவே. வானத்திற் பருந்து தெரிந்தால் ஒரு குரல். நிலத்திற் பகை வந்தால் வேறொரு குரல். அக்குரல் கேட்டுக் குஞ்சுகள் ஒளிகின்றன. பெட்டிக் குஞ்சுக்கு அவ்வாறு எச்சரிப்பார் இல்லை.

எங்கள் அயலிற் தனியே வாழும் அம்மையார் ஒருவர், முட்டை விற்ற காசிலே வீட்டுச் செலவைப் பார்ப்பவர். சீட்டுக் காசிற் பெட்டியொன்று வாங்கி, முதன்முறையிலேயே 21 குஞ்சுகளைப் பொரிப்பித்தார். ஐந்தாம் கிழமை, ஓரிரவு, மரநாயொன்று மெல்லிய கோழிவலையை ஆணியிலிருந்து பிரித்து உட்புகுந்தது. விடியும்போது நான்கே எஞ்சியிருந்தன. நான் சென்றபோது அவர் அழவில்லை. “பெட்டியிலை பிழையில்லை, மாஸ்ரர். கூட்டிலைதான் பிழை” என்றார்.

எமது கதியால் வேலியும் கிடுகும் மனிதர் கண்ணை மறைக்கும், கீரியை மறிக்கமாட்டா. பகலிற் கீரியும் காகமும் பருந்தும். இரவில் மரநாயும் எலியும் பாம்பும். அறுகோணக் கண்ணுடைய கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்குமேயன்றிப் பகையை வெளியே நிறுத்தாது. அரை அங்குலக் கண்ணுடைய, பற்றவைத்த கம்பி வலையே வேண்டும். நிலத்திலமைந்த கூடாயின் அவ்வலையை ஓரடி ஆழம் மண்ணுக்குட் புதைத்தல் வேண்டும். கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து, கதவின் கீழுள்ள இடைவெளி ஆகியவற்றையும் அடைத்தல் வேண்டும். பொழுதுபடுமுன் எண்ணிப் பார்த்து அடைத்து, இறுகிய தாழ்ப்பாள் இட வேண்டும். மிஞ்சிய தீனியை இரவிற் கூட்டில் விட்டால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும்.

கண்ணுக்குத் தெரியாத பகையும் உண்டு. 1926ஆம் ஆண்டில் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அறியப்பட்ட கொள்ளைநோயை, இந்திய நகரொன்றின் பெயரால் ராணிக்கெற் என்கிறோம். அது புகுந்தால் வளவே வெறுமையாகும். அதற்குத் தடுப்பு மருந்து உண்டு. அரச கால்நடை வைத்தியரிடம் கேட்டு உரிய நாளில் இட வேண்டும். சந்தையில் வாங்கிய கோழியை மூன்று நான்கு கிழமையேனும் தனியே வைத்தல் வேண்டும்.

2023ஆம் ஆண்டிலே இலங்கை இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய நேர்ந்தது. வளவில் நான்கு பேடு நின்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு அக்காலத்தும் முட்டை கிடைத்தது. ஏழைக் குடும்பத்துக்கு அது சிறிய பொருளன்று. ஆகவே பெட்டி வாங்க எண்ணும் அன்பர்களுக்கு நான் சொல்வது இதுவே: கையிலுள்ள காசில் முதலிற் கூட்டைக் கட்டுங்கள், மிஞ்சியதிற் பெட்டியை வாங்குங்கள். மிஞ்சாவிடின் அயல்வீட்டிற் கேறித் திரியும் ஊர்க்கோழி ஒன்றைக் கேட்டுப் பெற்று அடைக்கு வையுங்கள். சூட்டையும் காவலையும் அது ஒன்றாகவே கொண்டுவரும்.