அந்நிய முதலீடு வந்தால் போதுமா? வியட்நாம் மரச்சாமான் தொழில் தரும் பாடம்

2000-ம் ஆண்டில் வியட்நாமின் மரப்பொருள் ஏற்றுமதி ஏறத்தாழ 22 கோடி டாலர். 2024-ல் அது 1,600 கோடி டாலரைத் தாண்டியது. இந்த வளர்ச்சியில் அந்நிய முதலீட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த முதலீட்டால் கிடைக்காதவையும் உண்டு. சர்வதேச அறைகலன் பூங்காவுக்குத் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டியிருக்கும் தமிழ்நாடு இரண்டையும் கவனிக்க வேண்டும்.

முதலீடு ஏன் வந்தது?

2001 டிசம்பரில் அமெரிக்காவுடனான வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும், வியட்நாம் பொருட்களுக்கான அமெரிக்க வரி வெகுவாகக் குறைந்தது. சீனப் படுக்கையறைச் சாமான்கள் நியாய விலைக்கும் குறைவாக விற்கப்படுவதாகக் கூறி, 2005-ல் அமெரிக்கா பொருள் குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. அது சில நிறுவனங்களுக்கு 198 சதவீதம் வரை போனது. சீனாவில் ஆலை நடத்திய தைவான் முதலாளிகள் பலர், ஹோ சி மின் நகரை ஒட்டிய பின் துவாங், டொங் நை பகுதிகளுக்கு மாறினர். 2018-ல் தொடங்கிய அமெரிக்க–சீன வர்த்தகப் போர் இன்னும் பல ஆலைகளை அங்கே கொண்டுவந்தது.

என்ன கிடைத்தது?

பெரிய ஆர்டர்களோடு தொழில் ஒழுங்கும் வந்தது. குளிர்காலத்தில் சூடேற்றப்படும் அமெரிக்க வீடுகளில் காற்று வறண்டிருக்கும். மரத்தின் ஈரப்பதத்தைப் போதிய அளவு குறைக்காமல் அனுப்பினால் பலகை சுருங்கி வெடிக்கும். ஆயிரக்கணக்கான கட்டில்களிலும் ஒரே தரத்தைக் காக்க உலர்த்தும் சூளையும் பயிற்சி பெற்ற தொழிலாளரும் வேண்டும். ஆலைகள் பெருகியதும் கீல், பாலிஷ், நுரைப்பஞ்சு, அட்டைப்பெட்டி செய்பவர்களும் பக்கத்திலேயே தொழில் தொடங்கினர். எல்லாம் அருகில் கிடைப்பதால் ஆர்டர் விரைவாக முடிகிறது. கூலி உயர்ந்தாலும் கைவிட்டுப் போகாத பலம் இது.

என்ன கிடைக்கவில்லை?

வெளிநாட்டு நிறுவனங்கள் எண்ணிக்கையில் குறைவு. ஏற்றுமதியிலோ ஏறக்குறைய பாதி அவற்றுடையது. உள்நாட்டு ஆலைகள் பெரும்பாலும் வாங்குபவர் தரும் வரைபடத்தின்படி செய்துகொடுக்கின்றன. வடிவமைப்பும் பிராண்டும் கடையும் வேறொருவருடையவை என்பதால், லாபத்தின் பெரும்பகுதியும் அவரிடமே தங்கிவிடுகிறது.

மரமும் சிக்கல்தான். இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை 2016-ல் அரசு நிறுத்தியது. ரப்பர் மரமும் அகேசியாவும் கைகொடுக்கின்றன. ஆனால், சிறு விவசாயிகள் அகேசியாவை ஐந்தாறு ஆண்டுகளிலேயே வெட்டி, காகிதக்கூழுக்கான மரச்சில்லுக்கு விற்றுவிடுகிறார்கள். மேசை செய்யும் பருமன் வரப் பத்தாண்டாவது ஆகும். கடனும் புயலும் அதுவரை காத்திருக்க விடுவதில்லை. எஞ்சிய தேவைக்கு இறக்குமதி செய்ததில் சட்டவிரோத மரம் கலந்திருப்பதாக, 2020-ல் அமெரிக்கா விசாரணை தொடங்கியது. மர இறக்குமதியை முறைப்படுத்துவதாக வியட்நாம் ஒப்பந்தம் செய்த பிறகே 2021-ல் அது முடிவுக்கு வந்தது.

ஏற்றுமதியில் பாதிக்கு மேல் அமெரிக்கா என்ற ஒரே நாட்டுக்குப் போவதும் ஆபத்து. மெத்தை வைத்த மர இருக்கைகளுக்கும் சமையலறை அலமாரிகளுக்கும் 2025 அக்டோபரில் அமெரிக்கா 25 சதவீத வரி விதித்தபோது, வியட்நாமும் அதில் சிக்கியது. சீனா மீதான வரியால் வளர்ந்த தொழிலை இன்று இன்னொரு வரி உலுக்குகிறது.

தமிழ்நாடு செய்ய வேண்டியது

தூத்துக்குடிப் பூங்காவுக்கு 2022 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. துறைமுகம் அருகில் இருப்பது பெரிய வசதி. நிலமும் சலுகையும் ஆலைகளை வரவழைக்கலாம். அவற்றை இங்கேயே நிலைக்கவைக்க நிலமும் சலுகையும் மட்டும் போதாது. தேக்கும் மலைவேம்பும் வளர்க்கும் விவசாயி முதிர்ந்த மரத்தை வெட்டும்வரை காத்திருக்க, முன்பணமும் காப்பீடும் உறுதியான கொள்முதல் விலையும் வேண்டும். கன்னியாகுமரியின் முதிர்ந்த ரப்பர் மரங்களை ஆலைகளோடு இணைக்க வேண்டும். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியின் மரவளர்ப்பு அறிவு விவசாயிகளுக்கும், உலர்த்தல், வடிவமைப்புப் பயிற்சி நம் ஊர்த் தச்சர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். வெளிநாட்டு ஆலைகள் உதிரிப்பாகங்களை உள்ளூர்ப் பட்டறைகளிடம் வாங்குவதை, சலுகை பெறுவதற்கான நிபந்தனையாகவே அரசு வைக்கலாம். இவற்றை முதல் ஆலை இயங்குவதற்கு முன்பே தொடங்க வேண்டும். ஏனெனில், மரம் வளர எடுக்கும் பத்தாண்டுகளை எந்த முதலீட்டாலும் சுருக்க முடியாது.