அதிகம் கொண்டாடப்பட்ட பேய்கள்

பாகூர் ஏரியை ஒட்டிய ஒரு சிற்றூரில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. பொங்கல் விடுமுறைக்கு உறவினர்கள் கூடும்போது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் ஏதேனும் ஒரு வழக்கு நடக்கும். அரசியல் பேசினால் சண்டையில் முடிவதால், சில ஆண்டுகளாகச் சினிமாவுக்கு மாறியிருக்கிறோம். இந்த முறை அண்ணன் மகன் கேட்டான்: “தமிழ்ல வந்த பேய்ப் படங்கள்லயே தகுதிக்கு மீறிக் கொண்டாடப்பட்ட படம் எது சித்தப்பா?” நான் யோசிக்காமல் ‘சந்திரமுகி’ என்றேன். திண்ணை முழுவதும் என் மீது பாய்ந்தது.

2005 சித்திரைப் புத்தாண்டன்று வெளியாகி, சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாள்களுக்கு மேல் ஓடிய படம் அது. இன்றும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானால் பாதியில் எழுந்துபோக மனம் வராது. அதன் சுவையை நான் மறுக்கவில்லை. பேய்க்கதை என்ற வகையில் அதற்குக் கிடைத்த இடம் நியாயமானதுதானா என்பதே என் கேள்வி.

அதற்குப் பதில் காண, முதலில் ஓர் அளவுகோல் வேண்டும். ‘எந்தப் படம் அதிகம் பயமுறுத்தியது’ என்பதே வழக்கமான அளவுகோல். அது நம்பத்தக்கதன்று என்பதற்கு நானே சாட்சி. சிறுவயதில் டூரிங் டாக்கீஸில் விட்டலாச்சாரியாவின் ‘ஜகன்மோகினி’ பார்த்தேன். பேய் தன் காலையே விறகாக அடுப்பில் வைத்து எரிக்கும் காட்சியில் கொட்டகையே சிரித்தது, நானும் சிரித்தேன். இரண்டாம் ஆட்டம் முடிந்து ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு நடந்தபோதுதான் கால்கள் பின்னின. கரையில் புளியமரங்கள். அப்பால், சதுப்பில் கொள்ளிவாய்ப் பிசாசு உலவும் என்று பாட்டி சொல்லியிருந்த இடம். அழுகிய தாவரங்களிலிருந்து எழும் வாயு தீப்பற்றுவதால் அப்படியொரு கதை பிறந்திருக்கலாம் என்று பின்னாளில் படித்தேன். அன்றைய இரவுக்கு அந்த அறிவு உதவவில்லை. அந்தப் பயத்தைத் தந்தது படமா, பாதையா? மின்விளக்கு வந்த பிறகு அதே கரை யாரையும் பயமுறுத்தவில்லை. பயம் என்பது பார்ப்பவரின் வயதையும், திரும்பிப் போக வேண்டிய வழியையும் பொறுத்தது. அதை வைத்துப் படத்தின் தரத்தை அளக்க முடியாது.

நான் வைக்கும் அளவுகோல் வேறு. இறந்தவரை அந்தக் கதை எப்படி நடத்துகிறது என்பதே அது. ஒவ்வொரு பேய்க்கதைக்கும் அடியில் அநியாயமாக முடிந்துபோன ஓர் உயிர் இருக்கிறது. தற்கொலை செய்துகொண்ட மருமகள், பிரசவத்தில் இறந்த பெண், கொன்று புதைக்கப்பட்டவன். அந்த உயிரின் குறையைக் கதை காதுகொடுத்துக் கேட்கிறதா, அல்லது திடுக்கிட வைப்பதற்கான கருவியாக மட்டும் அதைப் பயன்படுத்திக்கொள்கிறதா?

இதை நான் திரைப்பட நூல்களிலிருந்து கற்கவில்லை. வட தமிழகத்திலும் புதுச்சேரி கிராமங்களிலும் பல குடும்பங்களுக்குப் பூவாடைக்காரி என்றொரு வீட்டுத் தெய்வம் உண்டு. அவள் புராணத்திலிருந்து வந்தவளல்லள். அந்தக் குடும்பத்திலேயே கன்னியாகவோ சுமங்கலியாகவோ அகாலத்தில் இறந்த ஒரு பெண். வீட்டில் திருமணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்கு. பம்பையும் உடுக்கையும் முழங்க நீர்நிலையிலிருந்து கரகம் சோடித்து, அவளை வீட்டுக்கு அழைத்து வருவார்கள். புதுச்சேலையும் பூவும் பலகாரமும் படைப்பார்கள். யார் மீதாவது அவள் இறங்கி, தன் மனக்குறையைச் சொல்லி அழுவதும் உண்டு; குடும்பமே கைகட்டி நின்று கேட்கும். அங்கே பயம் இல்லாமல் இல்லை. ஆனால், அந்தப் பயத்தில் பாதி குற்ற உணர்வு; மீதி அன்பு. இறந்தவளை விரட்டுவதன்று, அவளுக்கு வீட்டில் ஓர் இடம் கொடுப்பதே அந்தச் சடங்கின் நோக்கம்.

இந்த அளவுகோலோடு ‘சந்திரமுகி’யைப் பார்ப்போம். ஆந்திரத்திலிருந்து கவர்ந்து கொண்டுவரப்பட்ட ஒரு நடனப் பெண். அவள் காதலித்தவனின் தலையைத் துண்டித்து, அவளை உயிரோடு எரிக்கிறான் வேட்டையன் என்னும் அரசன். அவள் கதையில் தன்னைக் கரைத்துக்கொண்டு, மனநலம் குலைகிறாள் இன்னொரு பெண். இவ்வளவு வலி நிறைந்த கதையில் திரையரங்கின் மிகப் பெரிய கைதட்டல் யாருக்குக் கிடைத்தது? எரித்தவனுக்கு. அந்த வேட்டையனின் வினோத முழக்கத்தை ஊர்க் குழந்தைகளெல்லாம் நாக்கைச் சுழற்றிச் சொல்லித் திரிந்தார்கள். கொலை செய்தவன் கதாநாயகனின் முகத்தில் வந்ததால், கொலையும் ரசிக்கத்தக்கதாகிவிட்டது. எரிக்கப்பட்டவள் பயமுறுத்தும் ஒப்பனையாக மட்டுமே எஞ்சினாள்.

இந்தக் கதையின் மூலம், மது முட்டம் எழுதி ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) என்னும் மலையாளப் படம். கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’வாக (2004) எடுத்த பி.வாசுவே தமிழிலும் இயக்கினார். மூலத்தில் மனநல மருத்துவராக வரும் மோகன்லால், படம் கணிசமாக ஓடிய பிறகே உள்ளே வருகிறார். அதற்குள் அந்த வீடும் அதன் மனிதர்களும் கங்காவின் தனிமையும் நமக்குப் பழகிவிடுகின்றன. அந்தப் பாத்திரத்துக்காக ஷோபனா தேசிய விருது பெற்றார், படம் அவருடையது. தமிழிலோ தொடக்கத்திலிருந்தே எல்லாம் நாயகனைச் சுற்றி நடக்கிறது. ஜோதிகா கடுமையாக உழைத்திருக்கிறார். ஆனால், அவருக்கு நேர்வதை நாம் நாயகனின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் பார்க்கிறோம்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். மலையாளத்தில் அந்த நடனப் பெண் தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுகிறாள். தமிழுக்கு வந்ததும் தெலுங்கு பேசுகிறாள். இந்தியில் ‘பூல் புலையா’வாக (2007) மாறியபோது வங்காளியாகிவிட்டாள். எந்த மொழியில் எடுத்தாலும் பேய் அண்டை வீட்டுக்காரியே. தன் வீட்டில் ஒரு பெண் எரிக்கப்பட்டாள் என்று ஒப்புக்கொள்ள எந்த வீட்டுக்கும் மனமில்லை போலும். பூவாடைக்காரியை வணங்குகிற குடும்பங்களுக்கு இருக்கும் நேர்மை இது விஷயத்தில் சினிமாவுக்கு இல்லை.

இங்கேதான் என் தங்கை மகள் குறுக்கிட்டாள். வில்லியனூரில் வசிக்கும் அவள் செவிலியர். “மாமா, ஒண்ணை மறந்துட்டீங்க. பேய் பிடிச்சதுன்னு சொல்றது மனநோயா இருக்கலாம்னு இந்த ஊர்ல முக்காவாசிப் பேருக்குச் சொன்னதே அந்தப் படம்தான்.” மறுக்க முடியாத வாதம். எந்த விழிப்புணர்வுப் பிரசுரமும் அத்தனை வீடுகளுக்குள் போயிருக்காது. ஆனால், அந்தப் படம் முழு மனத்தோடு அதைச் சொல்லவில்லை. நோய் என்று மருத்துவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அரண்மனையில் ஒரு பெரிய பாம்பு மர்மமாக ஊர்ந்து திரிகிறது. இறுதியில் மருத்துவரும் மாந்திரீகரும் கைகோத்துத்தான் நோயைத் தீர்க்கிறார்கள். நம்பிக்கை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் தலா ஒரு சீட்டு. அமெரிக்கப் படமான ‘தி எக்ஸார்சிஸ்ட்’டில் (1973) பேய் உண்மை, ஆனாலும், மகளை ஒவ்வொரு மருத்துவப் பரிசோதனைக்கும் அழைத்துச் செல்லும் தாயின் தவிப்பை அந்தப் படம் அவசரப்படாமல் காட்டுகிறது. பெற்ற பிள்ளைக்கு என்னவென்று தெரியாமல் நிற்பதே அதில் பெரிய பயம்.

தங்கை மகளிடம் நான் சொல்லத் தயங்கியது ஒன்று உண்டு. என் சித்தி மகளுக்கு 2006இல் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு மனநிலை பாதிக்கப்பட்டது. தூக்கம் போயிற்று, குழந்தையைத் தொட மறுத்தாள், இரவுகளில் யாருடனோ பேசினாள். பேயோட்டுபவரிடம் அழைத்துப்போனோம். ‘போனோம்’ என்றுதான் சொல்ல வேண்டும், நானும் உடனிருந்தேன். வேப்பிலை அடியும் உடுக்கைச் சத்தமுமாக ஒன்றரை மாதம் வீணாயிற்று. பிறகு ஒரு கிராம செவிலியர் வற்புறுத்தி நகரத்து மருத்துவமனைக்கு அனுப்பினார். மகப்பேற்றுக்குப் பின் சில பெண்களுக்கு வரும் மனநோய் அது, மருந்தால் குணமாகக்கூடியது. சில மாதங்களில் அவள் பழையபடி ஆனாள். நோய் போன பிறகும் போகாமல் நின்றது ஒரு பெயர். குழாயடியில் அவள் குரலைச் சற்று உயர்த்தினால் போதும், “சந்திரமுகி வந்துட்டா” என்று யாராவது சிரிப்பார்கள். மனநோய் என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்த அதே படம், அந்த நோய்க்கு ஒரு பட்டப்பெயரையும் கொடுத்துவிட்டது.

இது வெறும் ரசனைச் சிக்கல் அன்று என்று நான் கருதுவது இதனால்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்தார்கள். மனநோயாளிகளை எவ்விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகத் தடை விதிக்கிறது. சட்டம் சங்கிலியை அறுக்கலாம். கேலியை அறுக்க முடியாது. அதைச் செய்ய வேண்டியவை கதைகள்.

அண்ணன் மகன் ‘காஞ்சனா’வைக் (2011) கொண்டுவந்தான். ராகவா லாரன்ஸின் அந்தப் படத்தை அதுவரை நான் மட்டமாகவே எண்ணியிருந்தேன். அலறலும் அறைதலுமான அதன் நகைச்சுவை இன்றும் எனக்கு ஒவ்வாதது. ஆனால், அவன் வாதம் வலுவானது. வீட்டிலிருந்து துரத்தப்பட்ட ஒரு திருநங்கை, இன்னொரு திருநங்கையை வளர்த்து மருத்துவராக்குகிறார். மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்துக்காகக் கொல்லப்படுகிறார். சரத்குமார் நடித்த அந்தப் பின்கதை வரும்போது திரையரங்கு அமைதியாகிவிட்டது என்றான் அவன். திருநங்கையரைக் கேலிப் பொருளாகவே காட்டிவந்த தமிழ்த் திரையில் அது சிறிய செயலன்று. இறந்தவரின் குறையை அந்தப் படம் கேட்கிறது. அந்த அளவில் நான் தோற்றேன். அதே வார்ப்பில் தொடர்ந்து வந்த பாகங்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

‘அரண்மனை’ வரிசை பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழவில்லை. 2014 முதல் 2024 வரை சுந்தர்.சி. நான்கு பாகங்கள் எடுத்திருக்கிறார். பெரிய வீடு, நகைச்சுவைக் கூட்டம், கொல்லப்பட்ட ஒருவரின் பழி, முடிவில் தெய்வ சக்தி. பெண்ணைக் கொன்ற கதை பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கப்படும். அது நகைச்சுவைக்கும் உச்சக்காட்சிக்கும் இடையே ஒரு பாலம். குடும்பத்தோடு சிரித்துவிட்டு வரலாம். இரவில் யாரும் நினைவுக்கு வர மாட்டார்கள்.

அப்படியானால், கொண்டாடப்பட வேண்டியது எது? தண்ணீரையே இறந்தவளின் குரலாக்கிய அறிவழகனின் ‘ஈரம்’ (2009). அடுக்ககத்தின் வரவேற்பறைத் தொலைக்காட்சியில் பேயைக் குடியேற்றிய விக்ரம் குமாரின் ‘யாவரும் நலம்’ (2009). என் முதல் தேர்வு, மிஷ்கினின் ‘பிசாசு’ (2014). விபத்தில் அடிபட்ட பெண்ணைக் காப்பாற்ற முயல்கிறான் ஓர் இளைஞன். அவன் கையைப் பற்றியபடி அவள் இறக்கிறாள். பிறகு அவன் வீட்டுக்கே வந்து தங்குகிறாள். அவன் அஞ்சுகிறான், விரட்டப் பார்க்கிறான். கொன்றவனைத் தேடிப் போகும் கதை, நிறங்களைப் பிரித்தறிய முடியாத அவனிடமே வந்து முடிகிறது. அது தெரிந்தே அவள் அவனுக்குக் காவலாக இருந்திருக்கிறாள். எங்கள் வீட்டுப் பூவாடைக்காரிக்கு மிக அருகில் நிற்கும் பேய் அவள்தான். ‘சந்திரமுகி’க்குக் கிடைத்த கூட்டத்தில் சிறு பகுதிகூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

நள்ளிரவு நெருங்கியபோது வழக்கு ஒருவாறு ஓய்ந்தது. இவ்வளவு நேரமும் சித்தி மகள் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். சங்கடமாக இருந்தது. “உனக்கு அந்தப் படம் பிடிக்குமா?” என்று அண்ணன் மனைவி அவளிடம் கேட்டுவிட்டார்.

“அந்தத் தெலுங்குப் பாட்டு நல்லா இருக்கும் அண்ணி” என்றாள் அவள். “டிவியில போட்டா அதுவரைக்கும் பார்ப்பேன். அதுக்கப்புறம் எழுந்து போயிடுவேன்.”

அதற்கு மேல் யாரும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசவில்லை.