ஒரு விபத்தும் பழைய பாட்டுகளும்: ஃபேர்போர்ட் கன்வென்ஷன்

வடக்கு லண்டனில் மஸ்வெல் ஹில் பக்கம் ‘ஃபேர்போர்ட்’ என்று ஒரு வீடு. சைமன் நிக்கோலின் குடும்பம் இருந்த வீடு அது. அவரும் ஆஷ்லி ஹட்சிங்ஸும் மற்ற நண்பர்களும் அங்கேதான் கூடி வாசித்துப் பழகினார்கள். குழுவுக்கும் அந்த வீட்டுப் பெயரே ஒட்டிக்கொண்டது. 1967 மே 27 அன்று, கோல்டர்ஸ் கிரீனில் ஒரு சர்ச் ஹாலில் முதல் கச்சேரி. பார்க்க வந்திருந்த மார்ட்டின் லாம்பிள், ‘உங்க டிரம்மரைவிட நான் நல்லா வாசிப்பேன்’ என்கிற தோரணையில் பேசி, குழுவுக்குள்ளேயே வந்துவிட்டார்!

அப்போது அவர்களிடம் இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பாட்டு என்று பெரிதாக எதுவும் இல்லை. டிலன், ஜோனி மிட்செல் என்று எல்லாம் கடல் தாண்டி வந்த சரக்கு. 1968-ல் சாண்டி டென்னி பாடகியாகச் சேர்ந்தார். நாட்டுப்புறப் பாட்டு கிளப்புகளில் பாடிப் பழகியவர். அவர் கொண்டுவந்த பழைய பாட்டு ஒன்றை, ‘எ செய்லர்ஸ் லைஃப்’, பதினோரு நிமிஷத்துக்கு நீட்டி ஒரே டேக்கில் பதிவு செய்தார்கள். டேவ் ஸ்வார்பிரிக் விருந்தாளியாக வந்து ஃபிடில் வாசித்தார்.

1969 மே 12. பர்மிங்ஹாமில் கச்சேரி முடித்துத் திரும்பும்போது எம்1 நெடுஞ்சாலையில் வேன் கவிழ்ந்தது. லாம்பிள் இறந்துபோனார். வயது 19. கிதார் வாசித்த ரிச்சர்ட் தாம்ப்ஸனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தார். சாண்டி அந்த வேனில் வரவில்லை.

விபத்துதான் இவர்களை நாட்டுப்புற இசைப் பக்கம் திருப்பியது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அது பாதி சரி என்றுதான் படுகிறது. ‘எ செய்லர்ஸ் லைஃப்’ விபத்துக்கு முன்னாலேயே பதிவானது. லாம்பிளே அதில் டிரம்ஸ் வாசித்திருக்கிறார். அதாவது, வழி ஏற்கெனவே தெரிந்திருந்தது. விபத்து செய்தது வேறு: திரும்பிப் போகிற வழியை அடைத்தது. லாம்பிளோடு வாசித்த பழைய பாட்டுகளை இன்னொருவரை உட்கார வைத்து வாசிக்க மனசு வரவில்லை. குழுவைத் தொடர்வதா என்பதே கேள்வியாக இருந்தது.

தொடர்ந்தார்கள். அந்தக் கோடையில் ஹாம்ப்ஷயர் கிராமப்புறத்தில், ஃபார்லி சேம்பர்லின் என்ற ஊரில் ஒரு பெரிய வீட்டில் எல்லோரும் சேர்ந்து தங்கினார்கள். ஸ்வார்பிரிக் இப்போது முழுநேர உறுப்பினர். நடனக் குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த டேவ் மாட்டக்ஸ் புது டிரம்மர். ஹட்சிங்ஸ், லண்டனில் நாட்டுப்புறப் பாடல்கள் சேகரித்து வைத்திருக்கும் செசில் ஷார்ப் ஹவுஸுக்குப் போய் பழைய கதைப்பாடல்களைத் தேடினார். அப்படி உருவான ‘லீஜ் அண்ட் லீஃப்’ 1969 டிசம்பரில் வெளிவந்தது.

அதில் ‘மேட்டி குரோவ்ஸ்’ கேட்டுப் பாருங்கள். பிரபுவின் மனைவி, அவள் ஆசைப்பட்ட இளைஞன், கடைசியில் இரண்டு கொலை. சாண்டி அழுகையோ அலட்டலோ இல்லாமல், நடந்ததைச் சொல்வதுபோலப் பாடிக்கொண்டே போவார். டிரம்ஸ் கதையை நிற்கவிடாமல் தள்ளிக்கொண்டு போகும். பாட்டு முடிந்த பிறகுதான் கிதாரும் ஃபிடிலும் அவிழ்த்துவிட்ட மாதிரி ஓடும்.

ஆல்பம் கடைக்கு வந்தபோது சாண்டியும் இல்லை, ஹட்சிங்ஸும் இல்லை. அவருக்கு இன்னும் பழைய பாட்டுகள் வேண்டியிருந்தன. சாண்டிக்குத் தன் சொந்தப் பாட்டுகளைப் பாட வேண்டும்.